பூஜ்யம் எங்கே?

மார்ச் 6

அண்ணா,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், நடுவில் அண்ணி மாட்டிக்கொண்டு முழிப்பார். அதனால்தான் காகிதம். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, அண்ணி ஒட்டவைத்துப் படித்துவிடுவார்.

வந்து மூன்று வாரம் ஆகிறது. நான் பஸ் ஏறும்போது நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "பொட்டி தட்டிப் பழக ஆறு மாசமா? போ, போ. மரத்தைத் தொடாமயே தச்சு வேலை கத்துக்கிட்டு வா." பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உனக்குக் கூட்டம் சேர்ந்தால் போதும், வாய் நிற்காது.

இங்கே நாள் முழுக்க மரத்தைத்தான் தொடுகிறோம். முதலில் கம்ப்யூட்டரில் படம் போட வேண்டும், அதன்படி மெஷின் மரத்தைச் செதுக்கும். அப்புறம் செதுக்கும் முனையான பிட் எது, எவ்வளவு ஆழம், எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எங்கிருந்து அளப்பது என்பதையும் மெஷினுக்குக் காட்ட வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர்தான் பூஜ்யம். முதல் வாரம் நான் அதைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டேன். பிட் பலகைக்கு மேலே அரை அங்குலம் தள்ளி, ஒரு மணி நேரம் காற்றைச் செதுக்கியது. மயிரிழை பிசகினாலும் விடமாட்டார், அதனால் எங்கள் ஆசிரியருக்கு மைக்ரான் சார் என்று பட்டப்பெயர். அவர் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா செதுக்கியிருக்கம்மா. காத்தை யாராவது வாங்குவாங்களான்னு பாரு" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்துக்கான இருபத்துநாலு நாற்காலிக்கும் முதுகுப் பலகைப் படம் நான் போட்டது. அண்ணி ஈரத்தலையை வாரும்போது சீப்பு இழுத்த கோடுகளைப் பார்த்துப் போட்டேன். ஏழு கோடு, நடுவில் ஒரு வளைவு. அதை நூலகத்துக்காரர் முன்னால் விரித்து வைத்து, "நம்ம டிசைன் சார்" என்றாய். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு டீ வாங்கி வரச் சொன்னாய்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். பட்டறைக்கு மெஷின் வந்தால் அதன் முன்னால் நிற்பது நான். கிளம்புவதற்கு முன்பு நீ தலையாட்டினாய். அதை மறந்துவிடாதே.

அண்ணிக்கு: எப்போதாவது அங்கே மெஷின் வந்து, ஓடும்போது கத்தினால், யோசிக்காதீர்கள். முதலில் சிவப்புப் பட்டனை அடியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். இங்கே எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே அதுதான். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கதவைத் தாண்டவும் விடமாட்டார்கள்.

தங்கை


மார்ச் 19

குச்சிக்கு,

காகிதத்தில் கத்த முடியாது என்று உனக்கு யார் சொன்னது?

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. உன் அண்ணி சத்தமாகப் படித்தாள், காற்றைச் செதுக்கிய இடத்தில் இரண்டு தடவை. பட்டறையில் எல்லாரும் சிரித்தோம். டீ வாங்கி வரச் சொன்ன கதையை இன்னுமா தூக்கிச் சுமக்கிறாய்? வந்தவருக்கு டீ கொடுப்பது மரியாதை. நான் எழுந்து போனால் பேரம் பேசுவது யார்? உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், விலை பேசத்தான் வராது.

மெஷின் வந்துவிட்டது. பழையதுதான், ஆனால் நல்ல நிலையில் இருக்கிறது. மூடப்போகிற ஒரு பட்டறையில் கிடைத்தது. உன் படிப்பு முடியும்வரை அவர்கள் வைத்திருக்க மாட்டார்கள். விற்றவர் இரண்டு நாள் கூடவே இருந்து காட்டிக்கொடுத்தார். ஓட்டுவது ஒன்றும் மலை இல்லை. பலகையைப் பிடித்துக் கட்டு, பிட்டைத் தொடவை, பட்டனை அமுக்கு. இதற்கு ஆறு மாதமாம்!

நூலகத்துக்காரர் மே மாதக் கடைசியில் நாற்காலி கேட்கிறார். உன் ஏழு கோட்டுக்கான ஃபைலை அனுப்பு. தேக்கு, இருபத்தைந்து மில்லிமீட்டர் தடிமன். நீ அனுப்பு, நான் ஓட்டிக்கொள்கிறேன். நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், மெஷின் எங்கே ஓடிப்போகிறது.

கண்ணாடி ஒன்று மெஷினோடு வந்தது. உன் அண்ணி போட்டுப் பார்த்து, "தவளை மாதிரி இருக்கேனா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு ஒரு நாள் முழுக்க பேச்சில்லை.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

தலையாட்டியதற்கு அர்த்தம் இதுதான் என்று இப்போது புரிந்துகொண்டேன்.

நான் இங்கே பிட் பெயரும் வேகமும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். நீ அங்கே இரண்டு நாளில் மெஷின்காரன் ஆகிவிட்டாய். நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். எனக்கா தெரியாது? உன் கை ஒரு கருவி மேல் பட்டுவிட்டால் அது உன்னுடையது. இழைப்புளி அப்படி, ரம்பம் அப்படி, இப்போது மெஷினும் அப்படி. நான் திரும்பி வந்ததும் மூலையில் ஒரு நாற்காலி போட்டு, "நீ படம் போடு" என்பாய். படம் போடுவதற்கும் டீ வாங்குவதற்கும் நான் இங்கே வரவில்லை.

ஃபைல் பென்டிரைவில் இருக்கிறது. கூடவே செட்டப் தாள் வைத்திருக்கிறேன். பலகை தடிமன், பிட் அளவு, வேகம், ஆழம் எல்லாம் அதில் உண்டு. ஓட்டுவதற்கு முன்னால் தாளைக் கவனமாகப் படி. ஏதாவது குறைந்தால் கேள். என் நம்பர் மாறவில்லை.

தங்கை


ஏப்ரல் 14

உன் ஃபைல் தப்பு.

பலகைக்கு மேலே வர வேண்டிய பிட், பலகைக்குள்ளேயே பாய்ந்தது. பிட் உடைந்தது, பலகை போயிற்று. இதற்குத்தான் இரண்டு மாதமாக உட்கார்ந்து படிக்கிறாயா? மைக்ரானும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். அந்த ஏழு கோட்டை நானே கையால் தோண்டிக்கொள்கிறேன்.

உன் அண்ணி எழுதவில்லை. அவளுக்குக் கை ஒழியவில்லை.


ஏப்ரல் 21

அண்ணா,

தப்பு என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டாய். இங்கே அதே ஃபைலை அதே தடிமன் பலகையில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன். மைக்ரான் சார் விரலால் தடவிப் பார்த்து, "இதைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கலாம்" என்றார். அவர் வாயில் இருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம்.

நடந்தது என்ன என்று நானே சொல்கிறேன். நீ பிட்டை மேஜையில் தொடவைத்து பூஜ்யம் கொடுத்திருப்பாய். நீ எப்போதும் மேஜையிலிருந்துதான் அளப்பாய். பலகை ஒன்று தடிப்பாக வரும், ஒன்று மெலிசாக வரும், மேஜை மாறாது என்பாய். என் ஃபைலுக்கு பூஜ்யம் பலகையின் மேல்முகம். மேலே ஐந்து மில்லி தூக்கிக்கொள் என்று ஃபைல் சொல்கிறது. உன் மெஷின் மேஜையிலிருந்து ஐந்து மில்லிக்குப் போகிறது. அதாவது இருபது மில்லி பலகைக்குள். அதுவும் மெதுவாக வெட்டும் வேகத்தில் இல்லை, காற்றில் விரைந்து ஓடும் வேகத்தில். எந்தப் பிட்டும் உடையத்தான் செய்யும்.

ஒரு போன் போட்டிருக்கலாமே? "குச்சி, பூஜ்யம் மேலயா கீழயா?" நாலு வார்த்தை. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? உனக்கு என்னிடம் கேட்பது மட்டும் ஆகாது. முன்பின் தெரியாத மெஷின் விற்றவனிடம் இரண்டு நாள் கேட்டாயே, அது மட்டும் இனித்ததா?

ஒரு பிட்டுக்கும் ஒரு பலகைக்கும் இவ்வளவு கோபம் வேண்டாம். அண்ணியை நாலு வரி எழுதச் சொல். அவர் எழுதாமல் இருக்கமாட்டாரே. போன் செய்தாலும் எடுக்கவில்லை. என்மேல் அவருக்கு என்ன கோபம்?

தங்கை


ஏப்ரல் 27

உன் அண்ணிக்கு வலது கண் போய்விட்டது.

எப்படி எழுதுவது என்று பதினைந்து நாளாகத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தூசியை இழுக்கும் குழாயை அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பட்டனை அமுக்கினேன். பிட் இறங்கியதும் பலகை அலறியது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை, மரம் மாதிரி நின்றேன். அவள் குழாயைப் போட்டுவிட்டு, எட்டி, குனிந்து, சிவப்புப் பட்டனை அடித்தாள். அதே நேரம் பிட் தெறித்தது. நுனி அரை அங்குலம் இருக்கும்.

மெஷின் நின்றுவிட்டது. அவள் சரியாகத்தான் அடித்தாள். ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குச்சி எழுதியிருந்தாளே, முதல்ல சிவப்பு பட்டன்னு. ஞாபகம் வச்சு அடிச்சுட்டேன் பாருங்க" என்றாள். பெருமையாகச் சொன்னாள்.

கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. அது என் முகத்தில் இருந்தது.

இரண்டு தடவை ஆபரேஷன் ஆயிற்று. பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணுக்கு ஒன்றுமில்லை. அவளைப் பார்க்க வருவதானால் வா. மெஷினைப் பற்றி அவள் முன்னால் பேசாதே.

அண்ணன்


மே 3

அண்ணா,

நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் இருந்தேன். அண்ணி என் கையைத் தடவிக்கொண்டே, "இளைச்சுப் போயிட்டே, அங்க சோறு போடறாங்களா இல்லையா?" என்று கேட்டார். வராந்தாவில் நீ தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினாய். சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

செட்டப் தாளில் ஆறு வரி உண்டு. ஆறாவது வரி, "பூஜ்யம்: மேலே / கீழே". எது சரியோ அதைச் சுழிக்க வேண்டும். மேலே வைத்தாலும் சரி, கீழே வைத்தாலும் சரி, எது என்று சொல்லாமல் விட்டால் மட்டும் தப்பு என்று மைக்ரான் சார் தலைப்பாடாக அடித்துக்கொள்வார். முதல் கடிதத்தில் உனக்கு பூஜ்யத்தைப் பற்றி எழுதினேன், மேலா கீழா என்று எழுதவில்லை. அது மறதி. ஏப்ரல் 2ஆம் தேதி அனுப்பிய தாளில் அந்த ஆறாவது வரியை நான் சுழிக்கவில்லை. அது மறதி இல்லை.

பேனா கையில் இருந்தது. ஐந்து வரியை நிரப்பினேன். நீ மேஜையிலிருந்துதான் அளப்பாய் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. வந்த பிறகுதான் பேனாவை மூடினேன். கேட்கட்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவை, அண்ணன் எனக்குப் போன் போட்டு, "இது எனக்குத் தெரியல, சொல்லு" என்று கேட்கட்டும். பட்டறையில் எல்லாருக்கும் காது கேட்கும்படி கேட்கட்டும். அதற்காகத்தான். மிஞ்சிப் போனால் ஒரு பலகை பாழாகும், அதுவும் உனக்கு வேண்டும் என்று நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணி நினைவு எனக்கு அப்போது வரவே இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு அவர்தான் நிற்பார் என்று தெரியாதா எனக்கு? பத்து வருஷமாகத் தூசிக் குழாய் அவர் கையில்தானே. ஆனாலும் வரவில்லை. நம் சண்டையில் நீயும் நானும் மட்டும்தான் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஏப்ரல் 21 கடிதம் வேறு. "வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்" என்று எழுதினேனே! அதை எழுதும்போது அண்ணி கட்டுப் போட்டுப் படுத்திருந்திருக்கிறார். அந்தக் கடிதத்தை எங்கேயாவது போட்டுக் கொளுத்து.

இதை அண்ணிக்குப் படித்துக் காட்டு. நான் நேரில் வந்து சொல்ல வேண்டும், துணிச்சல் இல்லை. என்னைத் திட்டு. அடிக்க வேண்டுமென்றாலும் அடி. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தங்கை


மே 20

குச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். உன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தங்கை என்று ஒருத்தி இருந்தாள், தலை முழுகியாயிற்று என்று எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் பேனா ஓடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

அந்த வரி காலியாக இருந்ததை நான் பார்த்தேன்.

முதலில் பார்த்தது உன் அண்ணிதான். தாளை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இங்க ஒண்ணும் சுழிக்கலையே. ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க" என்றாள். நான், "மேலயா கீழயான்னு நான் அவகிட்ட கேக்கணுமா? இருபத்தஞ்சு வருஷமா அளந்துகிட்டிருக்கேன்" என்றேன். அவள் விடவில்லை. தானே கேட்கிறேன் என்று போனை எடுத்து உன் நம்பரைத் தேடினாள். நான் பிடுங்கி மேஜை இழுப்பறையில் போட்டேன். பட்டறையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் உன்னிடம் கேட்பதா என்று ஒரு வீராப்பு. அப்புறம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

உன் ஃபைல் தப்பு என்று நான் எழுதியபோதே எனக்கு எல்லாம் தெரியும்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "பேனாவை மூடினேன்" என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துவிட்டுச் சொன்னாள், "அவளுக்குச் சொல்ல வீராப்பு. உங்களுக்குக் கேக்க வீராப்பு. கண்ணு மட்டும் என்னுது." அவ்வளவுதான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மெஷினை விற்றுவிடுகிறேன் என்றேன். ஆள்கூடப் பேசி வைத்திருந்தேன். அதற்குத்தான் கோபப்பட்டாள். இனி கீழே இருப்பது அவள் சொல்லச் சொல்ல எழுதுவது. ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

"குச்சி, மெஷினை விக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒரு கண்ணைக் குடுத்து வாங்கினது, சும்மா குடுப்பேனா? இனி அதை நான் ஓட்டுவேன். உங்க அண்ணன் மரம் பாக்கட்டும், பிசிறு தேய்க்கட்டும். மெஷின் இருக்கற அறைக்குள்ள அவர் வரக்கூடாது. நீயும் வரக்கூடாது. அது உனக்குத்தான்னு நீ நெனச்சுக்கிட்டிருந்தே, எனக்குத் தெரியும். நானும் அவர்கிட்ட உனக்காக எத்தனையோ நாள் பேசியிருக்கேன். இப்ப பேச மாட்டேன். வீட்டுக்கு வா, சாப்பிடு, எத்தனை நாள் வேணும்னாலும் இரு. உன்மேல கோபம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கு. அது எப்ப போகும்னு எனக்கே தெரியல. நீ படம் போட்டு அனுப்பு, தாள் அனுப்பு. படிக்கறது நான். ஆறாவது வரியை முதல்ல எழுது."

நூலகத்துக்காரர் வந்திருந்தார். நாள் தள்ளிக் கொடுத்திருக்கிறார். டிசைன் என் தங்கையுடையது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "அப்படியா" என்றார்.

அண்ணன்


ஜூன் 2

அண்ணி,

இது உங்களுக்கு. அண்ணன் படித்துக் காட்டினாலும் சரி, நீங்களே படித்தாலும் சரி.

நீங்கள் சொன்னபடியே நடந்துகொள்கிறேன். மைக்ரான் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. கதவுப் பக்கம் மாட்டியிருந்த கண்ணாடிகளில் இரண்டை எடுத்துக் கொடுத்து, அனுப்பிவிடு என்றார். படிப்பை முடிக்கச் சொன்னார். முடிப்பேன். முடித்துவிட்டு எந்த மெஷின் முன்னால் நிற்கப்போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏழு கோட்டுப் படத்தைத் திரும்பப் போட்டிருக்கிறேன். நீங்கள் தலை வாருவதைப் பார்த்துப் போட்டதை அப்படியே வைத்திருக்கவா, மாற்றவா என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். மாற்றவில்லை. வேண்டாம் என்றால் சொல்லுங்கள், வேறு போடுகிறேன்.

இந்தத் தடவை பூஜ்யத்தை மேஜையில் வைத்தே ஃபைல் செய்திருக்கிறேன், நம் பட்டறையில் அளக்கிற மாதிரி. முதலில் ஃபோம் பலகையில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பேரும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் கதவுக்கு வெளியே நின்றாலும் போட்டுக்கொள்ளட்டும். பிட் கத்தினால் குனியாதீர்கள். தள்ளி நின்றே ஒரு கயிற்றை இழுத்துச் சிவப்புப் பட்டனை அடிக்கிற மாதிரி எங்கள் வகுப்பில் ஒரு அமைப்பு செய்திருக்கிறோம், அதன் படமும் உள்ளே இருக்கிறது. அதை முதலில் செய்து மாட்டுங்கள். நாற்காலி அப்புறம் ஆகட்டும்.

செட்டப் தாளை இதோடு வைத்திருக்கிறேன். முதல் வரி பூஜ்யம். கீழே என்று சுழித்து, பக்கத்தில் "மேஜை" என்றும் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஒரு கண்ணால் படிக்கத் தோதாக எழுத்தையெல்லாம் பெரிதாக எழுதினேன். ஒரு பக்கத்தில் அடங்குகிற தாள் மூன்று பக்கம் வந்துவிட்டது.

குச்சி